ராத்திரி வானொலிக்கு எதற்கு இரண்டு பேர்?

ஆலங்குளம் பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டில், ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பீடி வேலை சூடு பிடிக்கும். சுளகை மடியில் வைத்து, நனைத்து வெட்டி வைத்த இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி என்று கை தன்பாட்டுக்கு ஓடும். ஆயிரம் முடிய வேண்டும், மறுநாள் கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது, காது மட்டும் சும்மா கிடக்கிறது, அந்தக் காதுக்காக ஜன்னல் கம்பியில் ஒரு ரேடியோ தொங்கியது. பாட்டு போட்டால் தூக்கம் வரும், பேச்சு போட்டால் வராது என்பது பெரியம்மாவின் கட்சி. அதனால் 10 மணிக்கு மேல் ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக உட்கார்ந்து, போன் போடுகிறவர்களோடு பேசுகிற நிகழ்ச்சிதான் அந்த வீட்டில் ஓடும்.

ஒரு நாள் போன் போட்டவர் கடையம் பக்கத்து ஆள், கடலைக்காட்டில் பன்றிக்குக் காவல் இருக்கிறார். பிரச்சினை ஒன்றும் இல்லை, சும்மா பேசணும்னு தோணுச்சு என்றார். “மழை உண்டா அண்ணாச்சி அங்க?” என்று அந்தப் பெண் கேட்டார். “இப்பத்தான் தூத்தல் விழுது.” உடனே ஆண் குரல், “அப்ப பன்னி வராது, நீங்க படுத்துத் தூங்குங்க” என்றது. “பன்னி என்ன குடையா தேடுது, மழையிலதான் சார் வரும்” என்று அவர் சிரிக்க, அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டு கூட இருப்பவரை வாரிவிட, இங்கே பெரியம்மாவுக்குச் சிரிப்பில் ஒரு பீடி கோணிக்கொண்டு போனது.

அப்போதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி. இதற்கு எதற்கு இரண்டு பேர்? சம்பளம் கொடுக்கிறவர் கணக்கில் இரண்டாவது ஆள் தண்டச் செலவு. தனியாளாகச் சாதித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்ட் பெல் என்பவர் நெவாடா பாலைவனத்துச் சின்ன ஊர் ஒன்றில் உட்கார்ந்து, வருகிற போனை முன்கூட்டி வடிகட்டாமல் அப்படியே எடுத்து நடுராத்திரியில் மணிக்கணக்காகப் பேசினார், பறக்கும் தட்டில் இருந்து பேய் வரைக்கும். ஆனால் முகம் தெரியாத ஒருவர் தன் வீட்டு விஷயத்தைச் சொல்ல வருகிற நிகழ்ச்சி என்றால், இரண்டு நாற்காலி போட்ட இடத்தில்தான் அது நன்றாக அமைகிறது என்பது நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. எங்கள் பக்கத்தில் வானொலியோடு பேசுவது என்றால் ரொம்ப காலம் வானொலிக்கு எழுதுவதுதான். திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது 1963-ல். அதற்கு முன்னாலும் பின்னாலும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து இலங்கை வானொலி வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. தபால் அட்டையில் விருப்பப் பாட்டை எழுதி, கூடவே தன் பெயர், அண்ணன் பெயர், டீக்கடை நண்பர்கள் பெயர் எல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். பெயரை வாசித்துவிட்டால் போதும், பாட்டு இரண்டாம்பட்சம். ராத்திரியில் தூரத்து மத்திய அலை நிலையம் பக்கத்து வீடு மாதிரி கேட்பதற்கும் காரணம் உண்டு. பகலில் அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் வான்மண்டல அடுக்கு ஒன்று சூரியன் போனதும் கலைந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கில் அலை பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து இறங்குகிறது. பண்பலைக்கு இந்த வசதி இல்லை, அது ஏறத்தாழ கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான் போகும். பாபநாசம், மாஞ்சோலை பக்கம் மலை மறைத்தால் கரகரவென்று ஆகிவிடும். கொடைக்கானல் பண்பலை மட்டும் மலை உச்சியில் நிற்கிற தெம்பில் 100.5-ல் தென்மாவட்டத்தில் பல ஊர்களை எட்டிப் பிடித்துவிடும்.

அட்டையில் இருந்து போனுக்கு மாறியபோது ஒரு சிக்கல் வந்தது. போன் எங்கே இருக்கிறது? வசதியுள்ள வீட்டில் நடுக்கூடத்தில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. இல்லாவிட்டால் எஸ்.டி.டி. பூத். ராத்திரி 11 மணிக்கு மேல் வெளியூர்க் கட்டணம் கால்வாசி என்பதால் பூத் வாசலில் அந்த நேரத்தில்தான் கூட்டம் நிற்கும். பின்னால் நான்கு பேர் நிற்க, எதிரே சிவப்பு எழுத்தில் மீட்டர் ஓட, யார் போய் மனசைத் திறந்து பேசுவார்கள்? பாட்டு கேட்கலாம், வாழ்த்து சொல்லலாம், அவ்வளவுதான். 2003-ல் செல்போனுக்கு உள்வரும் அழைப்பு இலவசமாகி, கொஞ்ச காலத்தில் மலிவான போன்கள் வந்து, அவற்றிலேயே எஃப்.எம். ரேடியோவும் சேர்ந்து வந்தபோதுதான் ராத்திரி போன் நிகழ்ச்சிக்கு உண்மையான ஆள் கிடைத்தார்: போர்வைக்குள் இருந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ரகசியக் குரலில் பேசுகிறவர். அந்த ஹெட்செட் வயரைச் செருகாவிட்டால் அந்தப் போன்களில் ரேடியோ எடுக்காது, ஏரியலே அதுதான்.

இனி ஸ்டுடியோவுக்குள் போவோம். போன் லைனில் ஒரே ஜோடிக் கம்பியில்தான் போகிற குரலும் வருகிற குரலும் இரண்டும் ஓடும். அதை அப்படியே ஒலிபரப்பில் கொடுத்தால் அறிவிப்பாளரின் குரல் இரட்டையாகக் கேட்கும். இரண்டையும் பிரித்துக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும், அதற்கு ஹைபிரிட் என்று பெயர். போன் போட்டவருக்குத் தன் குரலைத் தவிர மற்ற எல்லாம் போகும்படி தனிக் கலவை ஒன்று அனுப்புவார்கள். பழைய போன் லைன் கடத்துவது 300-ல் இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், குரலின் அடிக்கனமும் மேல்நுனியும் வெட்டுப்பட்டுப்போகும். அதனால்தான் நேயர் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரியும், அறிவிப்பாளர் குரல் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியும் இருக்கும்.

“ரேடியோ சத்தத்தைக் குறைச்சிட்டுப் பேசுங்க” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதன் சங்கதியும் இதுதான். பக்கத்தில் ரேடியோ அலறினால் அந்தச் சத்தம் போன் வழியாகத் திரும்பப் போய் ஊளையிடும். நேரலையில் தாமதப் பெட்டி வைத்திருந்தால் கதையே வேறு. யாராவது கெட்ட வார்த்தை சொன்னால் பிடித்து நிறுத்துவதற்காகச் சில நொடி, பெரும்பாலும் ஏழு நொடி போல, தாமதித்து ஒலிபரப்புவார்கள். ஒரு பட்டனை அமுக்கினால் அந்த நொடிகள் அப்படியே குப்பைக்குப் போய்விடும், அப்புறம் பேச்சைக் காதுக்குத் தெரியாத அளவு இழுத்து இழுத்துத் தாமதத்தை மறுபடி சேர்த்துக்கொள்ளும். இப்படித் தாமதித்து ஒலிபரப்பும்போது ரேடியோவைக் கேட்டுக்கொண்டே பேசுகிறவருக்குத் தான் ஏழு நொடிக்கு முன்னால் சொன்னது காதில் விழும். அவர் குழம்பி “ஹலோ... ஹலோ...” என்பார்.

ஆனால் நேரலை மாதிரி கேட்கிற எல்லாமே நேரலை இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்லூரி நாட்களில் ஒரு நிலையத்துக்கு (பெயர் வேண்டாம்) ஒரு ராத்திரி லைன் கிடைத்துவிட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்துப் பேசினார்கள், நானும் ஒரு நான்கு நிமிஷம் என் சோகத்தை, அதாவது அன்றைக்கு அது பெரிய சோகம், விலாவாரியாகச் சொன்னேன். வைத்துவிட்டு அறைத் தோழனோடு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தால், பாட்டு முடிந்ததும் நானே பேசுகிறேன்! நாற்பது நொடி. நடுவில் நான் திணறிய இடம், யோசித்த இடம், மூக்கை உறிஞ்சிய இடம் எல்லாம் போய், ஏதோ மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் மாதிரி இருந்தது. தோழன் ஒரு வாரம் விடவில்லை.

இரண்டு பேர் இருப்பதற்கு முதல் காரணம் இங்கே இருக்கிறது. ஒருவர் ஒலிபரப்பைப் பார்த்துக்கொண்டால், மற்றவர் லைனில் காத்திருக்கிறவரிடம் பேசி, என்ன விஷயம், குடித்திருக்கிறாரா, சும்மா விளையாடுகிறாரா, உண்மையிலேயே உடைந்துபோய் இருக்கிறாரா என்று நாடி பிடிக்கலாம். பெரிய ஊரில் இதற்குத் தனி ஆள் உண்டு. சின்ன நிலையத்தில் ராத்திரி ஷிஃப்டில் காவலாளியையும் சேர்த்தே மூன்று பேர் இருந்தால் அதிகம். ஆனால் இது மட்டும் காரணம் என்றால் இரண்டாவது ஆளுக்கு மைக் தேவையில்லையே.

இந்த வகை நிகழ்ச்சியில் உலகம் அறிந்த உதாரணம் லாஸ் ஏஞ்சலஸின் கே-ராக் வானொலியில் ஓடிய லவ்லைன். 1983-ல் ஜிம் ட்ரென்டன் என்ற அறிவிப்பாளர் ஞாயிறு ராத்திரி காதல் சங்கதி பேசத் தொடங்கியதுதான் அதன் மூலம். விடலைப் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்ட கேள்விகளில் பாதி மருத்துவக் கேள்வி. அப்போது மருத்துவ மாணவராக இருந்த ட்ரூ பின்ஸ்கியை 1984-ல் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். எய்ட்ஸ் என்ற வார்த்தையைப் பெரியவர்களே சத்தமாகச் சொல்லத் தயங்கிய காலம், இளவட்டங்களுக்குப் புரிகிற பேச்சில் அதைச் சொல்ல ஆள் இல்லை. பின்னால் நிகழ்ச்சி ஞாயிறில் இருந்து வியாழன் வரை ராத்திரி 10 முதல் 12 என்று நிலைபெற்று, நாடு முழுக்கப் போனது. 1995-ல் ஆடம் கரோலா வந்து சேர்ந்தார். இவர் அதற்கு முன் தச்சு வேலை பார்த்தவர், குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தவர். பத்து வருஷம் இந்த ஜோடி ஓடியது, 2005 கடைசியில் கரோலா கிளம்பிவிட்டார், அதற்குப் பிறகும் வேறு ஆட்களோடு பின்ஸ்கி 2016 ஏப்ரல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டரும் தச்சரும். இந்தப் பொருத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. டாக்டர் மட்டும் இருந்தால் அது ஆஸ்பத்திரி. நம்பர் கூப்பிடும் வரை காத்திருந்து, உள்ளே போய், பயந்துகொண்டே பேச வேண்டும். தச்சர் மட்டும் இருந்தால் அது டீக்கடை. சிரித்துக் கலாய்த்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேரும் இருந்தபோது, போன் போட்ட பிள்ளை யாரிடம் பேசுவது என்று இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள முடிந்தது. டாக்டர் ஒரு கடுமையான விஷயத்தைச் சொன்னதும் வருகிற அந்தக் கனத்த அமைதியை மற்றவர் ஒரு கிண்டலால் உடைப்பார், கிண்டல் எல்லை மீறினால் டாக்டர் விஷயத்துக்குத் திரும்பக் கூட்டி வருவார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு நிமிஷம் குரலைக் கேட்டுவிட்டு ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் கணித்துச் சொல்வது வைத்தியம் ஆகாது. பேசுகிறவரை வைத்தே சிரிப்பதும் பல நேரம் கொடுமையாகத்தான் இருந்தது. இன்னொன்று, 2012-ல் ஒரு மருந்துக் கம்பெனி வழக்கில் வெளிவந்த ஆவணங்களில், 1999-ல் ஒரு மனச்சோர்வு மருந்து தொடர்பாக இரண்டு மாதத்தில் பின்ஸ்கிக்கு 2,75,000 டாலர் போனதாக இருந்தது. தன் அனுபவத்துக்குப் பொருந்தியதைத்தான் பேசியதாக அவர் சொன்னார். எது எப்படியோ, டாக்டர் நாற்காலிக்கு யார் காசு கொடுக்கிறார் என்பது கேட்கிறவருக்குத் தெரியாது.

இதெல்லாம் லாஸ் ஏஞ்சலஸில் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்தால் நம் ஊர்க் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். சுடலைமாடன் கோயில் கொடையில் நடுச்சாமத்தில் சாமியாடியிடம் குறி கேட்க வரிசையில் நிற்பார்கள். அவர் சொல்வது அறுந்து அறுந்து, அதட்டலாக வரும். “உன் வாசல்ல கன்னி நிக்கா, கண்ணுக்குத் தெரியலியோ உனக்கு?” கேட்ட பெண் நடுங்கிப்போவாள். பக்கத்தில் ஒரு பெரியவர், திருநீற்றுத் தட்டோடு, அதை நம் பேச்சுக்குக் கொண்டுவருவார்: “வீட்ல கன்னியாச் செத்த பிள்ள யாரும் உண்டாம்மா? அதுக்கு ஒரு சேலை எடுத்து வச்சுக் கும்பிடச் சொல்லுதாரு, வேற ஒண்ணுமில்ல, பயப்படாத.” சாமி மட்டும் இருந்தால் அந்தப் பெண் ஓடியே போயிருப்பாள். பெரியவர் மட்டும் இருந்தால் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும், அவரைத் தினமும்தான் தெருவில் பார்க்கிறாளே.

அதே கொடையில், அந்தப் பக்கம் பந்தலில் வில்லுப்பாட்டு நடக்கும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை நகர்த்துவார்; குடம் அடிப்பவரும் பக்கப்பாட்டுக்காரர்களும் “ஆமா” போடுவார்கள். வெளியூர்க்காரருக்கு அந்த ஆமா சும்மா ஒரு ஓசை. கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அதில் எத்தனை ஜாதி என்று தெரியும். ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்கிற ஆமா உண்டு, ‘இது கொஞ்சம் ஓவர்’ என்கிற ஆமா உண்டு, தூங்கி விழுகிற கூட்டத்தை உலுக்குகிற ஆமா உண்டு. ஆமா போடுகிறவர் மேடையில் இருந்தாலும் பாதி நம் கட்சி, கேட்கிற கூட்டத்தின் ஆள். வானொலியில் இரண்டாவது மைக் செய்வதும் இதைத்தான். போன் போட்டவர் கதை சொல்லும்போது ஒருவர் கேள்வி கேட்டு நடத்திக்கொண்டு போக, இன்னொருவர் “ஐயோ”, “சரி”, “அதெப்படி?” என்று போடுவது பீடிச் சுளகோடு உட்கார்ந்திருக்கிற பெரியம்மாவுக்குப் பதிலாகத்தான். ஒற்றை ஆள் இரண்டு வேலையையும் செய்யப் போனால் ஒன்று உபதேசம் ஆகிவிடும், இல்லையென்றால் விசாரணை.

ஆண் ஒன்று பெண் ஒன்று என்று வைப்பதற்கும் கணக்கு உண்டு. ராத்திரி 11 மணிக்கு ஒரு பெண் தனியாக ஒரு ஆண் குரலோடு பேசினால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வேறு. பேசுகிற இருவரில் ஒருவர் பெண் என்றால் அவளுக்கும் தைரியம், பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற மாமியாருக்கும் சமாதானம்.

பேச்சு ஏன் காதலையும் குடும்பத்தையுமே சுற்றிச் சுற்றி வந்தது என்று கேட்கலாம். தனியார் வானொலிக்கு அரசு கொடுக்கிற உரிமத்தில் விடை இருக்கிறது. அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் இல்லை என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999-ல் தனியாருக்கு 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. கடைசியில் 12 நகரங்களில் 21 நிலையங்கள்தான் தேறின. அந்தப் பன்னிரண்டில் நம் திருநெல்வேலியும் உண்டு, இதை ஊர்ப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் செய்தி கூடாது. 2011-ல் தளர்த்தியபோதும் அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம் என்கிற அளவுக்குத்தான். தாமிரபரணியில் தண்ணீர் ஏன் வரவில்லை, பீடிக் கூலி ஏன் ஏறவில்லை என்று நேயரோடு விவாதிக்கப் போனால் அது எங்கே செய்தியாகிவிடுமோ என்ற பயம். தோற்றுப்போன காதலுக்கு அந்தப் பயம் இல்லை.

காசுக் கணக்கு இதைவிடக் கறார். ஆரம்பத்தில் உரிமக் கட்டணம் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகிற ஏற்பாடு, அதில் பலரும் திணறினார்கள். 2005-ல் வருமானத்தில் 4 சதவீதம் என்று மாறியபோது மூச்சு விட்டார்கள், புது நிலையங்கள் வந்தன. ராத்திரிக்கு விளம்பரம் குறைவு, அதனால் ராத்திரியில் என்ன செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள், புது ஆட்கள் பழகிக்கொள்ள நல்ல நேரம். அதே காரணம்தான் பின்னால் கத்தியாகவும் வந்தது. விளம்பரம் வராத நேரத்துக்கு எதற்கு இரண்டு சம்பளம் என்று ஒருவராக்கினார்கள். பிறகு ஒரே நிறுவனம் தன் நிலையங்களுக்குள் நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வழி வந்ததும், ஒரு ஊரில் பேசியதைப் பல ஊரில் போட முடிந்தது. கடையத்தில் தூத்தல் விழுந்தால் பன்றி வருமா வராதா என்று சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும்? முன்கூட்டிப் பேசிப் பதிந்து வைத்ததைக் கம்ப்யூட்டர் பாட்டுக்கு நடுவில் தானே செருகிக்கொள்ளும், ஸ்டுடியோவில் போன் அடித்தால் எடுக்க ஆள் இருக்காது.

நேயர்களும்தான் மாறிவிட்டார்கள். போர்வைக்குள் இருந்து ரகசியம் பேச வானொலிக்கு ஏன் போன் போட வேண்டும், வாட்ஸப் இருக்கிறது. பேச்சு கேட்க வேண்டும் என்றால் இரண்டு பேர் மைக் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுகிற வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. இரண்டு நாற்காலி அங்கேயும் இருக்கிறது, லைன்தான் இல்லை.

போன பொங்கலுக்குப் போனபோது பெரியம்மா அப்படி ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனில் இரண்டு பேர் மாமியார் மருமகள் சண்டையைப் பற்றிப் பேசுகிறார்கள், பேத்தி போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கை பாட்டுக்கு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “நல்லாத்தான் பேசுதாங்க, ஆனா நம்பரே சொல்ல மாட்டுக்காங்களே” என்றாள். அந்த ராத்திரி நிகழ்ச்சியை அத்தனை வருஷம் கேட்டவள் ஒரு தடவைகூட அந்த நம்பருக்குப் போன் போட்டதில்லை.